தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தவர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு கேள்வி கேட்டார். பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதிக்கொள்ள அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சார், எனக்கு டிப்ரஷன் வந்து, ரொம்ப நாள் மருந்து சாப்பிட்டுத் தேறி வந்தது உங்களுக்குத் தெரியும். இப்போ எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி அதே மாதிரி இருக்கான். நான் போய்ப் பேசலாமா? நான் டாக்டர் இல்லையே சார். எனக்கு என்ன தகுதி இருக்கு?"

கேட்டது வரலாற்று வாத்தியாரிடம். அதனால் பதிலும் வரலாற்றிலிருந்தே வருகிறது.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் வீடுகளில் சொல்வோம். பெரும்பாலும் அடுத்தவரைக் குத்திக் காட்டத்தான் இதைச் சொல்கிறோம். ஆனால் தனக்கு வந்து தெரிந்துகொண்டவர்கள், அந்தத் தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

*ஓவியத்தில் விடுபட்டவர்*

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மனநோயாளிகளின் சங்கிலியை டாக்டர் பினெல் அவிழ்த்துவிட்டார் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதைக் காட்டும் ஓவியங்களும் உண்டு. டாக்டர் நடுவில் கம்பீரமாக நிற்பார்.

அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். பெயர் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. பெரிய படிப்பெல்லாம் இல்லை. கழுத்தில் கட்டி கட்டியாக வரும் கண்டமாலை நோயோடு, பாரிஸ் அருகே இருந்த பிசேத்ர் மருத்துவமனையில் 1771இல் நோயாளியாகச் சேர்ந்தார். குணமான பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்து, கடைசியில் மனநோயாளிகள் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். தேறி வந்த நோயாளிகளிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார். அடிபட்டுத் தெரிந்தவன் அடுத்தவனை அடிக்கத் தயங்குவான் அல்லவா?

பினெல் 1793இல் அங்கு வந்தபோது இந்த மாற்றங்களையெல்லாம் கண்ணால் பார்த்தார். அவர் வேறு மருத்துவமனைக்குப் போன பிறகு, 1797இல், பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவர் புஸ்ஸேன்தான். பினெலும் நன்றியுள்ளவர். புஸ்ஸேனிடம் கற்றுக்கொண்டதைத் தன் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓவியர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

புஸ்ஸேனுக்கு வந்தது மனநோய் அல்ல. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து மேலே பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்பதை அறிந்தவர். நம் மாணவரின் கேள்விக்கு முதல் பதில் இது. நோயைப் பற்றிய அறிவு டாக்டரிடம் இருக்கும். நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்ற அறிவு நோயாளியாக இருந்தவரிடம் இருக்கும். இரண்டும் வேறு வேறு. இரண்டும் வேண்டும்.

*ஒரு நோயாளி எழுதிய புத்தகம்*

அடுத்து அமெரிக்கா. கிளிஃபோர்ட் பியர்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர். 1900இல் மனநிலை பாதிக்கப்பட்டு உயிரை விடத் துணிந்தார், பிழைத்துக்கொண்டார். அடுத்த மூன்று ஆண்டுகள் மூன்று மனநோய் விடுதிகளில் இருந்தார். அங்கே அடி வாங்கினார். கை கால் அசைக்க முடியாதபடி கட்டி வைக்கப்பட்டார். தேறி வெளியே வந்ததும், எல்லாரும் மறைக்கும் விஷயத்தை அவர் மறைக்கவில்லை. 1908இல் தன் கதையைத் தன் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பியர்ஸ் கோபத்தில் டாக்டர்களையெல்லாம் எதிரிகளாக்கிக்கொள்ளவில்லை. வில்லியம் ஜேம்ஸ் போன்ற உளவியல் அறிஞரிடமும், அடால்ஃப் மேயர் போன்ற மனநல மருத்துவரிடமும் கையெழுத்துப் பிரதியைக் காட்டி அவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1909இல் தேசிய அளவில் ஒரு மனநலக் குழுவும் உருவானது. பட்டவரின் சாட்சியும் படித்தவரின் அறிவும் கைகோத்ததால்தான் அது நின்றது.

*பதினைந்து நிமிடம் ஆறு மணி நேரமான கதை*

குடிநோய் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதில்லை. உப்பளத்திலும் துறைமுகத்திலும் லாரித் தொழிலிலும் உடம்பு நோக உழைப்பவர்கள் வீட்டில் மட்டுமல்ல, மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் உண்டு. எனவே இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தை ஆள், ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்தார். வந்த காரியம் தோல்வி. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஓட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்துச் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் நான் இன்று தப்பிப்பேன் என்று அவருக்குத் தோன்றியது. ஊரிலுள்ள சபைப் போதகர்களின் எண்களைப் பார்த்துப் போன் போட்டு விசாரித்தார். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த டாக்டரும் குடியில் மூழ்கியவர். பதினைந்து நிமிடம்தான் பேசுவேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி என்ன நடந்தது? பில் அதற்கு முன் பல மாதங்கள் குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பிரசங்கம் செய்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. பிரசங்கத்தை நிறுத்து என்று அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டரே சொல்லியிருந்தார். அன்று அவர் புத்தி சொல்லவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். பாப் ஸ்மித்துக்குப் புத்தி சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். "நானும் அங்கே கிடந்தேன்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஒருவர் அன்று வந்தார்.

அந்த ஆண்டு ஜூன் 10 பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். இன்று நம் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது பதில் இங்கே கிடைக்கிறது. பில் அந்த டாக்டரைக் காப்பாற்றப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். உதவுகிறவருக்கும் அதில் பிழைப்பு உண்டு. மேலே நின்று கீழே இருப்பவருக்குக் கொடுக்கும் தர்மமல்ல இது.

*நம் தமிழ்நாட்டில்*

வெளிநாட்டுக் கதை போதும், நம் ஊருக்கு வாருங்கள் என்பீர்கள். வருகிறேன்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்றொரு அம்மையார். டி.டி.கே. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். சமூகப்பணி படித்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் கணவரை இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பறிகொடுத்தார். இந்த மாதிரிச் சாவுக்கு வேறு காரணம் சொல்லி மூடிவிடுவதுதான் நம் வழக்கம். அவர் மூடவில்லை. அமெரிக்கா போய் இதற்கென்றே பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நீங்கள் கேள்விப்படுவது அதுதான். குடிப்பவருக்கு மட்டுமல்லாமல், அவர் மனைவிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து அங்கே சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. குடியிலிருந்து மீண்டவர்கள் அங்கே ஆலோசகர்களாகவும் பணியாற்றியிருக்கிறார்கள். கிராமங்களிலும் முகாம் போட்டார்கள். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவர் கதை இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, பட்டவர் என்றால் நோயாளி மட்டுமல்ல. பக்கத்தில் இருந்து பார்த்த மனைவியும் தாயும் பட்டவர்கள்தான். இரண்டு, அனுபவம் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அனுபவத்தோடு பயிற்சியையும் சேர்த்தார்.

மனச்சிதைவு நோய் விஷயத்திலும் இப்படித்தான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனையில் நோயாளி இருப்பது சில வாரம். மீதிக் காலமெல்லாம் வீட்டில்தானே? அதனால் குடும்பங்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். 1989இல் அந்தப் பெற்றோர்களும் உடன்பிறந்தவர்களும் சேர்ந்து "ஆஷா" என்ற தங்கள் சொந்த அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். "எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்ற கேள்வியை அதே கவலையுள்ள இன்னொரு தாயிடம்தான் முழுசாகப் பேச முடியும். சொந்த அக்கா தங்கையிடம்கூட முடியாது.

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காகச் சென்னையில் "பான்யன்" அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே அடைக்கலம் பெற்றுத் தேறிய பெண்கள் சிலர், பிறகு வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களாகவே ஆகியிருக்கிறார்கள். புஸ்ஸேன் பாரிஸில் செய்த அதே காரியம்.

*நம் கடற்கரைச் சாலையில்*

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் பக்கம் போனால் ஏர்வாடி வரும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிசேத்ரில் சங்கிலி அகன்று இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நம் கடற்கரையில்!

தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கெபிக்கோ போவதை நான் குறை சொல்லவில்லை. மனம் நொந்தவர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து வேண்டிக்கொள்வதில் ஓர் ஆறுதல் உண்டு. அங்கே நம்மைப் போன்ற இன்னொரு குடும்பத்தைப் பார்ப்பதே ஒரு துணை. ஏர்வாடியிலேயே பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. குற்றம் சங்கிலியில் இருக்கிறது. அந்தச் சங்கிலிக்குப் பின்னால் நம் வெட்கமும் இருக்கிறது. யாருக்கும் தெரியக் கூடாது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது, ஊர் என்ன சொல்லும் என்று தூரத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் எத்தனை குடும்பம்!

இந்த வெட்கத்தை உடைக்க டாக்டரால் முடியாது. "எங்கள் வீட்டிலும் இருந்தது, மருந்து சாப்பிட்டார், இன்று வேலைக்குப் போகிறார்" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால்தான் உடையும்.

*கடலுக்கு அந்தப் பக்கம்*

யாழ்ப்பாணம் நமக்கு எட்டும் தூரம்தான். அங்கே மனநலத்தை உளநலம் என்றும், கவுன்சலிங்கை உளவளத்துணை என்றும் அழகாகச் சொல்வார்கள். போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தந்த மனக்காயங்களைப் பற்றி "மனவடு" என்று தமிழிலேயே நூல் எழுதினார். ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் ஊரை விட்டு வெளியேறினார்கள். அப்படி ஒரு காலத்தில், பாதிக்கப்படாத துணையாளர் என்று யாரைத் தேடுவது? ஆறுதல் சொல்லும் ஆசிரியரும் வீட்டை இழந்தவர், கேட்கும் மாணவனும் வீட்டை இழந்தவன். எங்கும் எல்லாரும் காயப்பட்டிருக்கும்போது, காயப்பட்டவர்தான் காயப்பட்டவருக்குத் துணை.

*ஒரு பெஞ்சும் ஒரு பாட்டியும்*

இன்னும் ஒரே ஓர் இடம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான். 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். அதில் பாட்டி உட்கார்ந்து, வருகிறவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். டிப்ரஷன் என்ற வார்த்தையே கிடையாது. "அதிக யோசனை" என்று பொருள்படும் அவர்கள் மொழிச் சொல்லைத்தான் சொல்வார்கள். நம் ஆச்சிமாரும் "அவளுக்கு யோசனை பிடிச்சிருக்கு" என்றுதானே சொல்வார்கள்?

இந்தப் பாட்டிமார் மனநோய் வந்து தேறியவர்கள் என்று பார்த்துப் பொறுக்கப்பட்டவர்கள் அல்லர். அதே தெருக்களில் வாழ்ந்து, வறுமையும் சாவும் பார்த்தவர்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. பாட்டியோடு பேசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கே நீடித்தன. பாட்டிகளுக்குச் சும்மா அன்பு மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. என்ன கேட்க வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

*அப்படியானால் என்ன செய்யலாம்?*

இந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்களை வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: முதலில் உங்கள் காயம் ஆறியிருக்க வேண்டும். சொல்லும்போதே உங்களுக்குத் தூக்கம் கெட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

இரண்டு: கேட்பது முக்கால் பங்கு, சொல்வது கால் பங்கு. "எனக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்து உங்கள் கதையே முழுநேரமும் ஓடினால், வந்தவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போவார். உங்கள் கதையில் அவருக்குப் பயன்படும் துண்டு மட்டும் போதும்.

மூன்று: மாத்திரை சொல்லாதீர்கள். உங்களுக்குக் கேட்ட மருந்து அவருக்குக் கேட்காமல் போகலாம். "நான் நிறுத்திவிட்டேன், நீயும் நிறுத்து" என்பது ஆபத்து. உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி, முதல் தடவை மருத்துவமனைக்குப் போகும்போது கூடப் போய் வரிசையில் உட்காருவது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நான்கு: அவர் சொன்னதை மனைவியிடமும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் "ஜெபியுங்கள்" என்றும் போடாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, உயிருக்கு ஆபத்து. சந்தேகம் வந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கியது.

ஐந்து: எல்லை தெரிந்து நில்லுங்கள். நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் (அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961) ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மாற்றி ஒருவர் இறங்குவார்கள். மேலே இருப்பவருக்குக் கீழே எவ்வளவு இருட்டு, எவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரியும். அதற்காக இரண்டு பேரும் சேர்ந்து குதிப்பதில்லை. படகில் ஆள் இருந்தால்தான் கயிற்றை இழுக்க முடியும்.

*சட்டத்திலும் இடம் வந்துவிட்டது*

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை அது தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. நோயாளிகளின் உரிமைகளைக் காக்க மனநல மறுஆய்வு வாரியங்களை அமைக்கச் சொல்கிறது. அந்த வாரியத்தில் மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவரும் மனநல மருத்துவரும் இருப்பார்கள். கூடவே இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்களுக்கோ, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அவர்களின் அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கோ உரியவை.

புஸ்ஸேனுக்கு ஓவியத்தில் இடம் கிடைக்கவில்லை. இன்று பட்டவருக்கு நீதிபதி பக்கத்தில் நாற்காலி போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் நம் தெருவில் இன்னும் வரவில்லை. நான் பாடம் நடத்திய காலத்திலேயே, தேறி வந்த எத்தனையோ பேர் அதை வெளியே சொல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் மேடை ஏறிச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. தெரிந்த ஒரே ஒருவருக்கு, தனியாக, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நானும் அங்கே இருந்தேன், வெளியே வர வழி இருக்கு" என்று சொன்னால் போதும். பில் வில்சனும் ஒருவரிடம்தான் ஆரம்பித்தார்.

இந்தப் பதிவை யாருக்காவது அனுப்பலாம் என்று தோன்றினால் குரூப்பில் போடாமல் தனியாக அனுப்புங்கள். கூடவே "எப்படி இருக்கே?" என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
சாயர்புரம்